மஞ்சள் வைத்த ஷூ

1

வலது குதிகாலில் கட்டுப் போட்டு இன்றோடு ஒன்பது நாள். நான் மெக்கானிக்காக வேலை பார்க்கும் பஸ் டெப்போவில் லீவு கொடுத்திருக்கிறார்கள். காலை நீட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு எழுதுவதை விட்டால் வேறு என்ன வேலை? அதனால் ஊரில் இருக்கிற உங்களிடம் இரண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் தர்ஷினி இங்கே கனடாவில் ஒரு காலேஜில் மலை ஏறப் படிக்கிறாள்.

படிப்பின் முழுப்பெயர் அவுட்டோர் லீடர்ஷிப் அண்ட் அட்வெஞ்சர் எஜுகேஷன். வெளியே வெட்டவெளியில் நாலு பேரைக் கூட்டிப் போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதைக் கற்றுத் தருகிற படிப்பு. கூடாரம் அடிக்க ஒரு பாடம். கயிற்றில் முடிச்சுப் போட ஒரு பாடம். மழையில் நெருப்பு மூட்ட ஒரு பரீட்சை. இதையெல்லாம் விட ஒன்று உண்டு. காட்டில் தனியாக ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்து, என்ன தோன்றியது என்று நான்கு பக்கம் எழுத வேண்டும். அதற்கு மார்க் உண்டு. இதையே எங்கள் சித்தப்பா ஒருவர் கரட்டோரம் உட்கார்ந்து செய்தபோது, பிடித்து இழுத்து வந்து மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள்.

என் மனைவி சரசுவின் அண்ணன் செங்கோட்டுவேலுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. வாரம் தவறாமல் போன் பண்ணுவார். தர்ஷினி காலேஜில் சேர்ந்த வாரம் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, பாப்பா என்னுங்க படிக்குது?"

"லீடர்ஷிப் படிக்குதுங்க மச்சான்."

பொய் இல்லை. முன்னால் ஒரு வார்த்தையையும் பின்னால் மூன்று வார்த்தையையும் வெட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

"அது கலெக்டர் ஆபீசு வேலைக்குங்களா, கம்பெனி வேலைக்குங்களா?"

"ரண்டுக்கும் ஆகுமுங்க."

அடுத்த வாரத்துக்குள் ராசிபுரம் வரைக்கும் செய்தி போய்விட்டது. பாப்பா வெளிநாட்டில் பெரிய தலைமைப் படிப்பு படிக்கிறது என்று ஒரு கல்யாணத்தில் பேசிக்கொண்டார்களாம். நானும் இரண்டு வருஷம் அதைத் திருத்தவில்லை.

2

எனக்கு வெண்ணந்தூர் பக்கம். எங்கள் மரவள்ளிக் காட்டில் நின்று தலையைத் தூக்கினால் போதமலை. இருபத்தாறு வருஷம் அதைப் பார்த்தபடியே பல் துலக்கியிருக்கிறேன். ஒரு நாள்கூட ஏறியதில்லை. அங்கே நமக்கென்ன வேலை? மலைமேல் இருக்கிறவர்கள் சாமான் வாங்கக் கீழே வருவார்கள். நாம் ஏன் மேலே போக வேண்டும்?

நான் ஏறிய ஒரே மலை திருச்செங்கோடு. அதுவும் படியில். மேலே சாமி இருக்கிறது, பொங்கல் இருக்கிறது, ஏறினதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கொல்லிமலைக்கு பஸ்ஸில் போய், எழுபது வளைவிலும் வாந்தி எடுத்தவன் நான். இப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்தவள், கோயில் இல்லாத மலையில் ஏறுவதற்குப் பட்டம் வாங்கப் போகிறாள்.

அவளைத் தொட்டில் பருவம் தாண்டியதும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். இங்கே வந்து பதினேழு வருஷம். வீட்டில் பேசிப் பேசி நம் ஊர்ப் பேச்சு ஒட்டியிருக்கிறது. 'ங்க' போடாமல் எங்களிடம் பேசமாட்டாள். ஆனால் வீட்டில் தங்கமாட்டாள். சனி, ஞாயிறு ஆனால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விடுவாள். பிள்ளைகள் நம்மை விட்டுத் தூரப் போகிறார்கள் என்று இங்குள்ள நம் ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் புலம்புவார்கள். என் மகளோ எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை என்பதுவரை வரைபடத்தோடு சொல்லிவிட்டுத்தான் போவாள்.

3

சரசு முதியோர் இல்லத்தில் உதவியாளர். அவளுக்கு நர்ஸ் என்றால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. எனக்கும்தான். நான் தர்ஷினியிடம் கேட்டேன். "நர்ஸிங் படி சாமி. நல்ல வேல." வேண்டாங்கப்பா என்றாள். ஒரு மாசம் விட்டுக் கேட்டேன். வேண்டாங்கப்பா. அவள் பிறந்த நாளன்று கேக் வெட்டும்போது கேட்டேன். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே வேண்டாங்கப்பா என்றாள். அப்புறமும் நான் விடவில்லை. சட்டினி அரைக்கும்போது, காரில் போகும்போது, அவள் கூடாரத்தை வாசலில் காயப்போடும்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இந்த வருஷம் வசந்தகாலத்தில் எனக்கு ஒரு வழி பிறந்தது. இரண்டாம் வருஷத்தின் முக்கியப் பரீட்சையில் அவள் தோற்றுவிட்டாள். மலை ஏறத் தெரியாத ஆறு பேரை ஒரு நாள் கூட்டிப்போய் வர வேண்டும். பின்னாலேயே பரீட்சகர் ஒருவர் நோட்டோடு வருவார். அந்தக் குழுவில் ஒரு பெண் குளிரில் விறைத்துக்கொண்டே 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்' என்று சொல்லியிருக்கிறாள். இவள் நம்பிவிட்டாள். ஓடையோரம் அந்தப் பெண் நடுங்கிப்போய் உட்கார்ந்துவிட, பரீட்சகர் அங்கேயே நடையை நிறுத்திவிட்டார். அறிக்கையில் ஒரே வரி. கவனிக்கவில்லை.

மறுபடி ஒரு வாய்ப்பு கொடுப்பார்கள். அதிலும் தோற்றால் கோர்ஸைவிட்டு வெளியே. நான் பேரம் பேசினேன். தோற்றால் நர்ஸிங். கண் கலங்க, செரிங்கப்பா என்றாள். அன்றைக்கே நர்ஸிங் சேர்க்கைக்கான ஃபாரத்தை நெட்டிலிருந்து இறக்கி, அவள் பெயர், விலாசம் எல்லாம் நானே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு டிராயரில் வைத்தேன். ஒரு அப்பன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். செய்தேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, ஆறு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். ஆள் குறைந்தால் பரீட்சை நடக்காது. தர்ஷினி என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க வாரீங்களா? மலை ஏறவே தெரியாத ஆள்தானுங்க வேணும்."

என் டிப்ளமாவை இந்த நாட்டில் மூன்று ஆபீஸில் திருப்பி அனுப்பினார்கள். லாரிப் பட்டறையில் வேலை பார்த்த ஒன்பது வருஷ அனுபவம் செல்லாது என்றார்கள். பதினேழு வருஷத்தில் என் தகுதியை யாரும் ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

4

ஒரு நாள் நடைக்குப் பதினோரு பக்க ஃபாரம். நான் கனடா வருவதற்குக்கூட அவ்வளவு எழுதவில்லை. நீச்சல் தெரியுமா? தெரியும், அறுபதடிக் கிணற்றில். யார் கற்றுக்கொடுத்தது? தள்ளிவிட்டார்கள். வெட்டவெளியில் தூங்கிய அனுபவம்? லாரி டாப்பில் தார்ப்பாய்மேல், நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை. சர்க்கரை நோய் உண்டா? இல்லை என்று டிக் அடித்தேன். சுகரெல்லாம் ஒரு வியாதியா? நம் ஊரில் சுகர் இல்லாதவனுக்குத்தான் என்ன கோளாறு என்று விசாரிப்பார்கள்.

தர்ஷினி ஃபாரத்தை வாங்கிப் படித்தாள். என் டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, உண்டு என்ற கட்டத்தில் டிக் போட்டு, மாத்திரையின் பெயரையும் எழுதினாள்.

"சுகர் இருக்கறவங்களுக்குக் கால்ல புண்ணு ஆகக் கூடாதுங்கப்பா. நடந்து பழகின பழைய ஷூ போட்டுட்டு வாங்க. புதுசு மட்டும் வேண்டாங்க."

தலையாட்டினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். மகளுக்குப் பரீட்சை. பெரிய இடத்துப் பரீட்சகர் வருகிறார். அப்பன்காரன் கிரீஸ் படிந்த டெப்போ ஷூவோடு போய் நிற்பதா? மறுநாள் போய் மலைக்கென்றே செய்த ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். பழுப்புத் தோல், கணுக்கால் வரை. புதுசு எது வாங்கினாலும் நம் வீட்டில் மஞ்சள் வைக்காமல் போடுவதில்லை. சரசு இரண்டு ஷூவின் மூக்கிலும் ஒரு பொட்டு மஞ்சள் வைத்து, கிழக்கே பார்த்துப் போடச் சொன்னாள்.

காலையில் அதைப் பார்த்த தர்ஷினிக்கு முகம் மாறிவிட்டது. கழற்றச் சொன்னாள். "இது பழசுதான் சாமி, கடையில ரெண்டு நாளாப் போட்டுப் பாத்தேன்" என்று நான் உளறினேன். அதற்குள் வேன் வந்துவிட்டது. மாற்று ஷூவை எடுத்துவர வீட்டுக்குள் ஓடியவளை நானே கூப்பிட்டு வண்டியில் ஏற்றினேன். நேரத்துக்குப் புறப்படுவதற்கும் மார்க் உண்டாமே.

5

ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்தால், சாப்பிடச் சொல்வோம். "இப்பத்தானுங்க சாப்பிட்டு வந்தேன்" என்பார். மறுபடி சொல்வோம். "அட, வேண்டாமுங்க" என்பார். மூன்றாவது தரம் கையைப் பிடித்துக் கேட்டால்தான் பசிக்கிறதா இல்லையா என்பது தெரியும். முதல் இரண்டு பதிலும் மரியாதை. மூன்றாவதுதான் பதில்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் சோபா மாற்ற உதவிக்குக் கூப்பிட்டார். இரண்டு மணி நேரம் தூக்கினேன். பீட்சா சாப்பிடுகிறாயா என்று பெட்டியைத் திறந்து காட்டினார். வேண்டாம் என்றேன். சரி என்று பெட்டியை மூடிவிட்டார். அந்த மூடி விழுந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வயிறெரிய இதைச் சொன்னபோது சரசு சிரித்துவிட்டு, சின்னக் குழந்தையாக இருந்த தர்ஷினியிடம் சொன்னாள். "நம்மூட்டுக்கு யாரு வந்தாலும் மூணு தாட்டி கேக்கோணும் சாமி. ஒரு தாட்டி கேட்டுட்டு உட்டறக் கூடாது." அவளும் அப்படியே வளர்ந்தாள். பள்ளித் தோழிகளை மூன்று தடவை கேட்டுக் கேட்டு, பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வரவே பயந்தார்கள்.

6

மலையின் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. மேலே ஒரு ஏரி இருக்கிறது, அதுதான் போய்ச் சேர வேண்டிய இடம். ஓய்வுபெற்ற கணவன் மனைவி ஒரு ஜோடி, காலேஜ் மாணவர்கள் மூன்று பேர், நான். கடைசியில் பரீட்சகர் லிண்டா, நோட்டும் பென்சிலுமாக. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாதாம்.

என் மகளை அன்றுதான் வேலையில் பார்த்தேன். வீட்டில் குளித்த துண்டைக் கட்டிலில் போடுகிறவள், அங்கே ஒவ்வொருவர் பையின் வாரையும் இழுத்துச் சரிசெய்தாள். கரடி வந்தால் என்ன செய்வது என்று ஓட்டல் சர்வர் பலகாரம் ஒப்பிப்பது மாதிரி அலட்டலில்லாமல் சொன்னாள். வேகமாக நடந்த மாணவனை நடுவில் விட்டு, மெதுவாக நடந்த அந்த அம்மாளை முன்னால் விட்டாள். எல்லோரும் அவள் பேச்சைக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, டிராயரில் இருக்கிற ஃபாரத்தை நினைத்துச் சங்கடமாகவும் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் வலது குதிகால் உரச ஆரம்பித்தது. இரண்டாவது மணியில் எரிந்தது. அப்புறம் சாக்ஸ் ஈரமானது. வியர்வை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. வாயைத் திறந்து வலிக்கிறது என்று நான் சொன்னால் நடை நிற்கும். நடை நின்றால் பரீட்சை போச்சு என்று நான் நினைத்தேன். நம் ஊரில் பரீட்சை என்றால் கடைசிக் கேள்வி வரை எழுதியாக வேண்டும். மலைப் பரீட்சை என்றால் உச்சி வரை போயாக வேண்டும். பரீட்சை போனால் நர்ஸிங். இரண்டு வருஷம் நான் கேட்டது கையெட்டும் தூரத்தில் இருந்தது. "கால் நோவுது" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். என் பிள்ளை தோற்கக் கூடாது. அது என் ஆசைக்கு எதிராக இருந்தாலும் தோற்கக் கூடாது. நான் யார் பக்கம் என்று எனக்கே அந்த ஏற்றத்தில்தான் தெரிந்தது.

ஒரு பாறையருகே நிறுத்தி, எல்லோருக்கும் கால் எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆறு பேரும் கட்டைவிரலைத் தூக்கினோம். என் கட்டைவிரல்தான் எல்லாவற்றையும் விட உயரமாக இருந்திருக்கும். மற்றவர்கள் தண்ணீர் குடிக்க, என்னிடம் வந்து தமிழில் கேட்டாள்.

"கால் எப்படி இருக்குதுங்கப்பா?"

"எனக்கென்ன சாமி? ஜம்முனு இருக்குது. நீ போ, நேரமாவுது."

இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, மஞ்சள் பொட்டு மங்கிப்போன அந்த ஷூமேல் கையை வைத்தாள்.

"அப்பா. மூணாவது தாட்டி கேக்கறேனுங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மூன்றாவது தடவைக்குப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை.

"நோவுது சாமி. நெம்ப நோவுது."

ஷூவைக் கழற்றினாள். சாக்ஸின் குதிகால் சிவப்பாக இருந்தது. தோல் ஒரு ரூபாய் அகலத்துக்கு உரிந்து தொங்கியது. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன், ஒரு நொடிதான். அப்புறம் கையுறையை மாட்டி, கழுவி, மருந்து வைத்து, பஞ்சு வைத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே மற்றவர்களிடம் சொன்னாள், இங்கிருந்து திரும்புகிறோம் என்று. ஏரிக்கு இருபது நிமிஷம்தான் பாக்கி. அந்த வயதான மனிதர் பெருமூச்சு விட்டார்.

"என்னைய இங்க உட்டுட்டு நீங்க போயிட்டு வாங்க சாமி. நான் உக்காந்திருக்கறேன். கட்டுச்சோறு இருக்குது."

"இங்க கரடி இருக்குதுங்கப்பா. கட்டுச்சோறு அதுக்கும் புடிக்கும்."

என் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, என் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். இறங்கும்போது கொஞ்சம் பின்தங்கி, லிண்டாவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினேன். தப்பு என்னுடையது, புது ஷூ போட்டது நான், மறைத்தது நான், பிள்ளைக்கு மார்க்கைக் குறைக்காதீர்கள் மேடம். அவர் புன்னகைத்தார். தான் பேசக் கூடாது என்பதுபோல உதட்டில் பென்சிலை வைத்தார். சரி, கட்டுச்சோறாவது சாப்பிடுங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் வேண்டாம். உண்மையிலேயே வேண்டாம்போல.

வேனருகே வந்ததும்தான் அவர் வாய் திறந்தார். தர்ஷினியிடம் ஒரே ஒரு கேள்வி. மற்றவர்களிடம் ஒரு தடவை கேட்டாய், அப்பாவிடம் மட்டும் ஏன் மூன்று தடவை?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு முதல் இரண்டு பதில் மரியாதைக்காக என்றாள் என் மகள். போன தடவை அந்தப் பெண்ணிடமும் மூன்று தடவை கேட்டிருக்க வேண்டும், எங்கள் ஊர்க்காரர்கள்தான் அப்படி என்று நினைத்துவிட்டேன் என்றாள். லிண்டா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

7

நான்காம் நாள் முடிவு வந்தது. தேறிவிட்டாள். இந்தப் படிப்பில் உச்சிக்குப் போவதற்கு மார்க்கே கிடையாதாம். எப்போது திரும்ப வேண்டும் என்று தெரிவதற்குத்தான் மார்க்காம். நான் கடைசிவரை வாயைத் திறக்காமல் மேலே போயிருந்தால்தான் தோற்றிருப்பாள். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று பல்லைக் கடித்தவன், கடித்தே அவளைத் தோற்கடித்திருப்பேன். என்ன படிப்போ போங்கள்.

அன்றைக்கே மச்சான் போன் பண்ணினார். பாப்பாவுக்குப் பரீட்சை என்னாச்சு என்று கேட்டார். எனக்கு மறைத்து மறைத்து அலுத்துவிட்டது.

"பாஸுங்க மச்சான். பாப்பா மலை ஏறப் படிக்குதுங்க. ஆளுங்களக் கூட்டிட்டுப் போயிட்டுக் கூட்டிட்டு வாரது. அதுதானுங்க படிப்பு."

பண்ணையில் கோழிகள் மட்டும் கத்தின.

"மலைமேல கோயில் இருக்குதுங்களா மாப்ள?"

"இல்லீங்க. ஏரி இருக்குதுங்களாமா."

"அப்பறம் எதுக்குங்க ஏறறாங்க?"

"நானும் இன்னும் மேல போயிப் பாக்கலீங்க மச்சான்."

இன்று காலை தர்ஷினி கட்டு மாற்ற வந்தாள். பழைய துணியை வலிக்காமல் நனைத்து எடுத்து, புண்ணைச் சுற்றித் துடைத்து, புதுத் துணியைச் சுருக்கம் இல்லாமல் சுற்றினாள். மலையிலிருந்து வந்த மறுநாள் போய்க் காட்டிய ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு பதமாகக் கட்டவில்லை. வாய் சும்மா இருக்குமா?

"இத்தன நல்லாக் கட்டுப் போடறியே சாமி. நர்ஸிங்..."

அவள் கை நின்றது. கோபமில்லை. நிமிர்ந்து பார்த்து, "அப்பா, இது எத்தனாவது தாட்டிங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எண்ணிப் பார்த்தேன். முதல் இரண்டும் மரியாதை, மூன்றாவதுதான் பதில் என்று இத்தனை பக்கம் உங்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். அவள் மூன்றாவது தடவை வேண்டாம் என்று சொன்னது கேக் வெட்டிய அன்று. அதற்கப்புறம் ஒன்றரை வருஷமாக நான் பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவையோடு விட்டார். நான் விடவே இல்லை. இரண்டு பேருமே எதிரில் இருக்கிற ஆளைக் கவனிக்கவில்லை.

டிராயரைக் காட்டி அந்த ஃபாரத்தை எடுக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்து வந்தாள். வாங்கி இரண்டாகக் கிழித்து, மருந்துத் துணி கிடந்த கூடையில் போட்டேன். கட்டின் முனையை ஒட்டுவதற்கு அவள் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"கால் ஆறினதும் அந்த ஏரிக்கு என்னையக் கூட்டிட்டுப் போறியா?"

"வேண்டாங்கப்பா. செரமப்படுவீங்க."

"மெதுவாத்தான் வாரேன். கூட்டிட்டுப் போறியா?"

"வேண்டாங்கப்பா. உங்களுக்கெதுக்குங்க?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட்டிட்டுப் போறியா சாமி?"

சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"பழைய ஷூ போட்டுட்டு வாங்க" என்றாள்.